கழுவாத ஆறு வளையங்கள்

ஜோசபினைக் கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் எளிதில் யாருக்கும் கொடுப்பதில்லை. அவர் கவனமானவர், அதுவரை உறுதியாகச் சொல்ல முடியும். அவர் செய்த பெரிய தவறும் அந்தக் கவனத்திலிருந்துதான் வந்தது.

வயது நாற்பத்திரண்டு. வீடு கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடிய வருடம் ஜோசபின் பி.யூ.சி. முடித்து, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அதை நிரப்பவில்லை. இரண்டு வருடம் கழித்து பெங்களூர் போகும் காலை ரயிலில் ஏறினார். இன்றும் அதே ரயில்தான். கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி மகாதேவபுராவில் உள்ள ஒரு ரப்பர் தொழிற்சாலைக்குப் போகிறார்.

தொழிற்சாலை என்றால் முப்பத்து நான்கு பேர், ஒரு தகரக் கூரை, ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் ஆறு பிரஸ். ஹோட்டல்களில் இட்லி வேகவைக்கும் பெரிய ஸ்டீமர்களின் மூடிக்கடியில், ஆவி வெளியேறாமல் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் இங்கே தயாராகிறது. ஒவ்வொரு வளையத்தையும் இழுத்து, மடக்கி, இரும்பு அளவில் மாட்டிப் பார்த்து அனுப்புவது ஜோசபினின் வேலை. நகரத்தில் நீங்கள் சாப்பிட்ட ஏதோ ஓர் இட்லி அவர் பார்த்து அனுப்பிய வளையத்துக்குக் கீழே வெந்திருக்கலாம்.

போன வருடம் அந்த வளையங்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு வருடம் உழைக்க வேண்டியவை மூன்றே மாதத்தில் பிளந்தன. ஸ்டீமர் செய்யும் கம்பெனி கோபமாகக் கடிதம் எழுதியது. தன் அப்பாவுக்குப் பிறகு தொழிற்சாலையை நடத்திவரும் முதலாளி தினேஷ், மைசூரு ரோட்டில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டார். சிறு தொழிலும் கல்லூரியும் சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் செலவில் பாதியைத் தரும் ஓர் அரசுத் திட்டம் அது. கையெழுத்து, பூங்கொத்து, போட்டோ எல்லாம் நடந்தன. போட்டோ முடிந்த பிறகுதான், இரண்டு இடங்களுக்கும் நடுவே யார் நடப்பது என்ற கேள்வி வந்தது. இந்த மாதிரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

"ஜோசபினக்கா, நீங்க போங்க" என்றார் தினேஷ். "தமிழ், கன்னடா, இங்கிலீஷ் மூணும் வரும் உங்களுக்கு. அந்த புரொபசர் பேசறது எனக்குப் பாதிதான் புரியுது."

"மீதிப் பாதி எனக்கு மட்டும் புரியுமா சார்?"

"தலையாட்டுங்க. போதும்."

தலையாட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை ஜோசபின். கல்லூரி அவருக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தது. அதில் பெயருக்குக் கீழே 'இண்டஸ்ட்ரி பார்ட்னர்' என்று அச்சடித்திருந்தது. அதை ரயிலிலும் கழற்றாமல் வந்தபோது பக்கத்து இருக்கைப் பெண்கள் விடவில்லை.

"இன்னாடி ஜோசி, காலேஜ் சேந்துட்டியா? ராகிங் பண்ணாங்களா?"

"பண்ணாங்க. பாட்டு பாடச் சொன்னாங்க. நான் பாடுனதும் அவங்களே ஓடிட்டாங்க."

கல்லூரியின் ரப்பர் லேப் பேராசிரியர் வெங்கடசுப்ரமணியனுடையது. அங்கே தினமும் வேலை செய்வது அவருடைய ஆராய்ச்சி மாணவி சங்கமித்ரா, ஆஸ்டின் டவுன் பெண். முதல் நாள் பிளந்த ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஜோசபினைப் பார்க்கச் சொன்னாள். ஜோசபின் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை.

"எங்க ஊருல சுரங்கத்து மண்ணைக் கொட்டி வச்ச சயனைடு மேடு மாதிரியே இருக்குதும்மா. மழை பேஞ்சா இப்படித்தான் மேலருந்து ஓடை ஓடையா அறுத்துக்கினு எறங்கும்."

சங்கமித்ரா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தானும் பார்த்தாள். "அக்கா, அப்போ வெடிப்பு உள்ளேருந்து வரல. வெளியிலேருந்து உள்ளே போகுது." அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். சயனைடு மேடு என்ற சொல்லையும் சேர்த்து.

ஜோசபின் பார்த்துச் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது இருபத்திரண்டு வருடத்தில் அதுவே முதல் முறை.

அடுத்த வாரம் பேராசிரியர், ஹோட்டல்களிலிருந்து திரும்பி வந்த வளையங்கள் பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டார். வந்திருந்தவை பார்க்கச் சகிக்கவில்லை. காய்ந்த மாவு, பிசுக்கு, புளித்த நாற்றம். ஜோசபினின் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. சுரங்கக் கம்பெனியின் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் அம்மா முதலில் பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, துவைத்த துணி உடுத்தி, காயமானால் அதையும் கழுவித் துடைத்துத்தான் கூட்டிப்போவார். பெரியவர்கள் பார்க்கப்போகிறார்கள் என்றால் அழுக்கோடு போகக்கூடாது. அந்த நியாயம் ஜோசபினின் கைகளிலேயே இருந்தது. பிசுக்கு பிடித்த அச்சுகளைக் கழுவுவதற்கென்று பிரஸ் பக்கம் ஒரு டீசல் தொட்டி உண்டு. வளையங்களை அதில் ஊறப்போட்டார். பிறகு சோப்புத்தூள், சுடுதண்ணீர், வெயில். கடைசியில் பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு ஸ்வீட் டப்பாவில் அடுக்கிக் கொண்டுபோனார்.

"ரொம்ப நீட்டா கொண்டுவந்திருக்கீங்க" என்றார் பேராசிரியர். ஜோசபினுக்குப் பெருமையாக இருந்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. வளையங்களின் ரப்பருக்குள் மினரல் ஆயில் என்னும் பெட்ரோலிய எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கிறது. அதனால் ரப்பர் பலவீனமாகிப் பிளக்கிறது. ரப்பரில் ஆயில் கலக்கும் இடம் தொழிற்சாலையில் ஒன்றுதான்: மிக்ஸிங் மில். அதில் நிற்பவர் ஒருவர்தான்: சுப்பராயன்.

சுப்பராயனுக்கு ஐம்பத்தேழு வயது. ஒக்கலிபுரத்திலிருந்து மெட்ரோவில் வருகிறவர். எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே ரப்பரையும் கரியையும் ஆயிலையும் விட்டுப் பிசைவதுதான் அவர் வேலை. இருபத்தைந்து வருடமாக எடை போட்டுத்தான் கலக்கிறார்.

"என் தராசு பொய் சொல்லாது, ஜோசபினு. உன் காலேஜுதான் பொய் சொல்லுது."

"மெஷின்ல காட்டுதுண்ணா. நானே பாத்தேன்."

"மெஷினுக்கு இன்னா, பேட்டரி போயிருக்கும்."

ஆயிலைக் குறைத்தார்கள். புதிய வளையங்களும் இரண்டு மாதத்துக்குள் பிளந்து வந்தன. மறுபடி குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததை ஜோசபின் கழுவி, சுற்றி, ஸ்வீட் டப்பாவில் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் லேப் அதையே சொன்னது: ஆயில் அதிகம். ஐந்து மாதத்தில் சுப்பராயன் ஜோசபினோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

கல்லூரியில் ரிவ்யூ கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அதோடு ஆராய்ச்சி முடிகிறது. புதன்கிழமை தினேஷ் ஜோசபினைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிக்ஸிங்லதான் தப்புன்னு ரிப்போர்ட் போகுது. கலந்த ரப்பரை இனிமே வெளியிலயே வாங்கிடலாம்னு இருக்கேன். மில்லை வித்துடலாம். சுப்பராயண்ணனுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்து அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நானே சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

வியாழக்கிழமை காலை சிவாஜிநகரில் உள்ள ஓர் இட்லிக் கடையிலிருந்து ஒரு சாக்கு வந்தது. உள்ளே பன்னிரண்டு வளையங்கள். கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்லலாம் என்று ஜோசபின் நினைத்தார். தொட்டியில் ஆறுதான் கொள்ளும். ஆறைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்து ஒன்றை எடுத்து, பழக்கத்தில் இரும்பு அளவில் மாட்டிப் பார்த்தார். வளையம் தொளதொளவென்று நின்றது.

சாக்கிலிருந்து கழுவாத ஒன்றை எடுத்து மாட்டினார். சரியாகப் பொருந்தியது.

இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று விரல் நகத்தின் அகலம் வளர்ந்திருந்தது. ரப்பர் டீசலைக் குடித்திருந்தது. ஐந்து மாதமாக லேப் கண்டுபிடித்துக்கொண்டே இருந்த மினரல் ஆயில் இந்தத் தொட்டியில் இருந்தது.

அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று பிறகு கேட்டார்கள். முதலில் தொட்டியைக் கவிழ்த்துவிடத் தோன்றியதாகச் சொன்னார். யாருக்கும் தெரியாது. ரிப்போர்ட் அச்சாகிவிட்டது. மில்லின் பக்கம் திரும்பினார். சுப்பராயன் உருளைகளுக்கு நடுவே ரப்பரை மடித்து விட்டுக்கொண்டிருந்தார். ஜோசபின் ஊறிய ஆறை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டார். கழுவாத ஆறைச் சாக்கிலேயே விட்டார். இரண்டையும் தூக்கிக்கொண்டு, கேட் நோட்டில் கையெழுத்துப் போடக்கூட நிற்காமல் மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஓடினார்.

ஸ்கேனர் அருகே செக்யூரிட்டி சாக்கை முகர்ந்தார். "ஏனம்மா இது? இட்லி வாஸ்னெ பர்தா இதெ. ஊட்டானா?" சாப்பாடா என்று கன்னடத்தில் கேட்டார்.

"ஊட்டா அல்லா சார், ரப்பர். காலேஜிகெ." கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். அவர் அட்டையையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுளித்து வழிவிட்டார். பெட்டியில் ஜோசபினைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது.

லேப் வாசலிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். மூச்சு வாங்கியது. சங்கமித்ராவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"டீசல்லயா? எல்லாத்தையுமா அக்கா?"

"எல்லாத்தையும்தான். சுத்தமா குடுக்கணும்னு... என் தலையில இடி விழ."

சங்கமித்ரா சாக்கைப் பார்த்தாள். "இதுல இருக்கறது?"

"தண்ணிகூடப் படல."

"கழுவினது ஆறு, கழுவாதது ஆறு. ஒரே கடை." அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, உள்ள வாங்க. சீக்கிரம் வாங்க!"

அந்த லேபில் ஒரு கருவி உண்டு. ரப்பரை ஒரு சிறிய புள்ளியின்மேல் அழுத்தி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பாய்ச்சி, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று திரையில் மேடு பள்ளமாக ஒரு கோடு வரைந்து காட்டும். முதலில் கழுவிய வளையம். கோடு வந்தது. ஐந்து மாதமாக இருவரும் பார்த்து அலுத்த அதே கோடு. பிறகு கழுவாதது. கோடு இடமிருந்து நகர்ந்தது. பழைய வழியிலேயே போனது. நடுவில், இதுவரை ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், சட்டென்று செங்குத்தாக எழுந்தது.

சங்கமித்ரா கத்திவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாமா அது?"

"சமையல் எண்ணெய் அக்கா! டீசல் அதை வெளிய எடுத்துட்டு, தான் உள்ள போய் உக்காந்திருக்கு. நம்ம ரப்பர் ஆவியைத் தாங்கும். எண்ணெய்தான் ஆகாது."

"கடையில துணி போட்டுத்தானே ஊத்துவாங்க, இட்லி குண்டான்ல ஏதும்மா எண்ணெய்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி மூன்றரை. மீதி ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்தார்கள். ஐந்திலும் அந்த மேடு எழுந்தது. ஐந்தாவதில் சங்கமித்ரா திரையைப் பார்க்காமல் ஜோசபினின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் ஜோசபின் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால், சாக்கை மடியில் வைத்தபடி, சிவாஜிநகருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அந்தக் கடை. சமையற்கட்டில் மாஸ்டர் சின்னப்பா மாலை ஈட்டுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் உள்ளே வந்து ஸ்டீமரையே பார்த்துக்கொண்டு நின்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கார்ப்பரேசனா மேடம்? லைசென்ஸ் ஓனர்கிட்ட இருக்குது."

"இல்லண்ணா. இந்த ரப்பர் ரிங்கு செய்யற எடத்துலருந்து வரோம். நீங்க எப்பவும் போல செய்யுங்க. சும்மா பாக்கறோம்."

"இட்லி ஊத்தறதைப் பாக்க ரெண்டு பேரு ஸ்கூட்டர்ல வந்தீங்களா?" சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினார். அடுக்கி முடித்ததும், அலமாரியில் இருந்த ஒரு சொம்பில் துணியை முக்கி, மூடியைத் திருப்பி, வளையம் முழுக்க ஒரு சுற்று தடவினார். மூடினார். எல்லாம் மூன்று நொடி.

ஜோசபின் சங்கமித்ராவின் கையைக் கிள்ளினார்.

"அண்ணா, இப்ப தடவுனது இன்னா?"

"எண்ணெய்தான். வேற எப்படி மூடி தொறக்கறது? உங்க ரப்பர் நாலாவது ஈட்டுல பசை போட்ட மாதிரி புடிச்சுக்கும். கரண்டி போட்டு நெம்பணும். இந்த ஏரியால எல்லா மாஸ்டரும் தடவுவாங்க. ஏன், தடவக்கூடாதா?"

"எங்ககிட்ட ஏண்ணா இதை யாருமே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவர் கொடுத்த இட்லியை நின்றபடியே சாப்பிட்டார்கள். ஜோசபினுக்கு ருசி தெரியவில்லை. மாலை ரயில் போயிருந்தது; அடுத்ததில் இடமில்லாமல் கதவோரம் நின்றே ஊருக்குப் போனார். மகிழ்ச்சியில் கால் வலிக்கவில்லை. ஆனால் பங்காருப்பேட்டை தாண்டியதும் நாளைய காலை நினைவுக்கு வந்தது. எண்ணெயைப் பற்றிச் சொல்வது சுலபம். டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எண்ணெயை மட்டும் சொன்னால், அதற்கு முந்தைய ஐந்து மாதத்துக் கோடுகள் சுப்பராயன்மேல் அப்படியே நிற்கும்.

வெள்ளிக்கிழமை மேஜையைச் சுற்றி ஆறு பேர். பேராசிரியர், தினேஷ், சங்கமித்ரா, ஸ்டீமர் கம்பெனியின் மேனேஜர், திட்டத்தின் அதிகாரி ஒருவர், ஜோசபின். பேராசிரியர் ரிப்போர்ட்டைத் திறக்கும் முன் ஜோசபின் எழுந்து, சாக்கை மேஜையின்மேல் வைத்தார். புளித்த வாசனை அறை முழுக்கப் பரவியது.

"சார், நேத்தே சொல்லியிருக்கணும். உங்களை எதிர்ல பாத்து நானே சொல்றேன், அதுவரைக்கும் சொல்லாதேன்னு சங்கமித்ராகிட்ட கேட்டுக்கிட்டேன். வளையத்துல இருந்த மினரல் ஆயில் நான் ஊத்துனது."

"என்னக்கா சொல்றீங்க?" தினேஷ் பாதி எழுந்துவிட்டார்.

சொன்னார். தொட்டி, சோப்புத்தூள், ஸ்வீட் டப்பா, ஒன்றும் விடவில்லை. சங்கமித்ரா இரண்டு கோடுகளையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அஞ்சு மாசமா நான் டீசலை ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். "எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி இதை என்ன செஞ்சீங்கன்னு நான் கேட்டிருக்கணும். என் ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டமே இல்லை. முதல் நாள் இவங்க சொன்னதை, வெடிப்பு வெளியிலேருந்து உள்ள போகுதுன்னு, சங்கமித்ரா எழுதி வச்சிருக்கா. அதை நான் படிச்சேன். படிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன்."

இதைப் பெருந்தன்மை என்று பாராட்ட எனக்கு மனமில்லை. அவர் தன் கணக்கில் தன் பங்கைச் சரியாக வைத்தார். ஆனால் அந்த அளவுக்குச் செய்கிறவர்களும் அதிகம் பேர் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மேனேஜர் இருமினார். "சரி. ஹோட்டல்காரங்களை எண்ணெய் தடவாதீங்கன்னு சொல்லிட்டாப் போச்சு."

"சொல்லலாம் சார். சின்னப்பா மாஸ்டர் கேக்கமாட்டாரு" என்றார் ஜோசபின். "மூடி புடிச்சுக்குது, அவரு இன்னா பண்ணுவாரு? எண்ணெய் பட்டாலும் தாங்கற ரப்பர் வேணும். மூடியில ஒட்டாததா இருக்கணும்."

"சிலிக்கோன் கலந்து பாக்கலாம் சார்" என்றாள் சங்கமித்ரா. பேசப் பேச வேகம் கூடியது. "ஆனா ஒரே கலவையில வராது. முப்பது, நாப்பது தடவை சின்னச் சின்னதா மாத்தி மாத்திக் கலக்கணும். வெளியில வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் மூணு வாரம் ஆகும். இவங்ககிட்ட மில் இருக்கு. சுப்பராயண்ணன் காலையில கலந்தா மதியம் நான் டெஸ்ட் பண்ணிடுவேன். எடையில அவர் ஒரு கிராம்கூட மாறினதில்லைன்னு இந்த அஞ்சு மாசத்துக் கணக்கே சொல்லுது. அவர் ஆயிலைக் குறைச்ச அளவுக்குத்தான் ரப்பரும் கெட்டியாகியிருக்கு, பாருங்க."

அவள் திரையில் திறந்த அட்டவணையை எல்லோரும் பார்த்தார்கள். தினேஷ் அந்த அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த தன் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது மில்லை விற்பதற்கான கடிதம்.

"ஆறு மாசம் நீட்டிக்க முடியுமா சார்?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"எழுதிக் குடுங்க" என்றார் அதிகாரி. சாக்கைத் தன்னிடமிருந்து சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த சாக்கைப் பத்தியும் எழுதுங்க" என்று சேர்த்தார்.

ஜோசபின் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தபோது நான்கு மணி. சுப்பராயன் மில்லை நிறுத்திவிட்டு உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை போகிற விஷயம் அவர் காதுக்கு எப்படியோ வந்திருந்தது. தராசை ஒரு துணியில் சுற்றி மூலையில் வைத்திருந்தார்.

"சாயந்திரம் கூப்புட்டு சொல்லுவாராமே" என்றார், திரும்பாமல்.

"சொல்லமாட்டாருண்ணா. மில்லு எங்கயும் போகல. திங்கக்கெழமையிலருந்து புதுக் கலவை, நாப்பது வகை. நீங்கதான் கலக்கணும்." பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டீசல் வரும் இடத்தில் சுப்பராயனின் கை நின்றது.

"அஞ்சு மாசம் என் தராசைத் திட்டுனாங்களே. உன்னாலயா?"

"என்னாலதாண்ணா."

அவர் பிரஸ் பக்கம் நடந்துபோய் டீசல் தொட்டியைத் தூக்கினார். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மில்லுக்குப் பின்னால், தன் இருக்கைக்கடியில் தள்ளிவிட்டார்.

"அச்சு கழுவணும்னா எங்கிட்ட வந்து கேட்டு வாங்கு. வளையத்தை எடுத்துக்கினு இந்தப் பக்கம் வந்தே, அவ்வளோதான்."

"சரிண்ணா."

"சரின்னுட்டு நிக்கறியே? நாப்பது வகைன்னா இன்னா எடை, இன்னா அளவு? உங்க காலேஜு பொண்ணு எழுதிக் குடுத்துச்சா இல்லையா?"

ஜோசபின் பையிலிருந்து தாளை எடுத்தார். சுப்பராயன் தராசைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை என்பதையும் பார்க்காமல் மில்லின் பொத்தானை அழுத்தினார்.